திட்டம் கெட்ட நாளில் செட்டிநாடு: குழந்தைகளின் பின்னால் நடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். காலையில் பிள்ளையார்பட்டி, அப்படியே குன்றக்குடி, பத்தரைக்குக் கானாடுகாத்தான், பன்னிரண்டுக்கு ஆத்தங்குடி, ஒன்றரைக்குக் காரைக்குடியில் இலைச் சாப்பாடு, மூன்றுக்குத் திருமயம் கோட்டை, இருட்டுவதற்குள் பழம்பொருள் கடைகள். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளையார்பட்டி வாசலுக்கு வந்த பிறகுதான் அன்று சங்கடஹர சதுர்த்தி என்பது தெரியவரும். வரிசையில் இரண்டு மணி நேரம் போகும். கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் காவலர் கையை விரிப்பார். ஆத்தங்குடி போய்ச் சேர்வதற்குள் தலைக்கு மேல் வெயில். சாப்பாட்டுக் கடையில் முப்பது பேர் நிற்பார்கள். அந்த இடத்தில்தான் கணவனும் மனைவியும், “இந்த ஊருக்கு வரலாம் என்று சொன்னது யார்?” என்ற பழைய வழக்கைக் கையில் எடுப்பார்கள்.

காரைக்குடியில் குடியிருப்பதால், விடுமுறைக்கு வரும் உறவுக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டுவது என் தலையில் எழுதியிருக்கிறது. அப்படிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. கெட்டுப்போன நாளை மீட்பது அநேகமாக அந்தக் கூட்டத்தில் உயரம் குறைந்த ஆள்தான். குழந்தைகள் பொறுமைசாலிகள் என்று நான் சொல்லவரவில்லை. பசித்தால் ஊரைக் கூட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் குழந்தை அழுவது காலில் செருப்பு கடிப்பதற்காக, தாகத்துக்காக, தூக்கத்துக்காக. அதற்கு மருந்து உண்டு. பெரியவர்களுக்கு எரிச்சல் வருவது நடக்காமல் போன ஒன்றை நினைத்து. அதற்கு மருந்து கிடையாது, விட்டுத்தொலைக்கத்தான் வேண்டும். குழந்தைகள் அதை நொடியில் விட்டுவிடுகிறார்கள். நமக்கு அதைப் படிப்படியாகத்தான் செய்ய வரும். அந்தப் படிகள் கீழே.

புறப்படும் முன்பு: நாள் எங்கே முறியும்?

செட்டிநாட்டில் ஒரு நாள் கெடுவதற்கு வழக்கமான இடங்கள் சில உண்டு. அவற்றை முன்பே தெரிந்துவைத்திருந்தால் அதிர்ச்சி பாதியாகக் குறையும்.

இங்குள்ள பெரிய வீடுகள் அருங்காட்சியகங்கள் அல்ல. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து வட்டித்தொழில் செய்த நகரத்தார், சம்பாதித்ததைக் கொண்டுவந்து கட்டிய சொந்த வீடுகள். பல வீடுகளுக்கு இன்று பங்காளிகள் பலர். ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குச் செய்யும் வழிபாடு) என்றால்தான் முழு வீடும் திறக்கும். மற்ற நாட்களில் பூட்டுதான். கானாடுகாத்தானில் 1912இல் கட்டப்பட்ட அரண்மனையும் தனியார் சொத்துதான். எந்த நேரமும் உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போகக்கூடாது. காரைக்குடியில் 1941இல் கட்டிய ஆயிரம் ஜன்னல் வீட்டையும் தெருவில் நின்று பார்க்கும் நிலைதான் பெரும்பாலும். ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடு இருக்கிறது. உள்ளே பார்த்தே ஆகவேண்டும் என்கிறவர்கள் அதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவில்கள் பகல் பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அந்த இடைவெளி முழுக்கச் செம்மண் பூமியில் அனல் பறக்கும். கோவில் பிராகாரத்துக் கருங்கல்லில் குழந்தைகள் கால் வைக்க முடியாது. பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு பொருள் பல சண்டைகளைத் தவிர்த்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் மழை. அதைப் பற்றிப் பின்னால்.

ஒரு நாளில் இரண்டு இடம் போதும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. யாரும் கேட்பதில்லை. ஆகவே நேராக, நாள் கெட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கு வருகிறேன்.

முதல் படி: உடம்பா, திட்டமா?

எரிச்சல் தலைக்கேறியதும் எல்லாரையும் நிழலுக்கு இழுத்துவாருங்கள். வேப்பமரமோ, பஸ் நிறுத்தமோ, கடைத் தாழ்வாரமோ எதுவானாலும் சரி. ஒவ்வொருவராகக் கேளுங்கள்: பசியா, தாகமா, கால் வலியா, அவசரமாக எங்காவது போக வேண்டுமா? குழந்தைகள் உடனே சொல்லிவிடுவார்கள். பெரியவர்கள் “எனக்கு ஒன்றுமில்லை” என்பார்கள். நம்பாதீர்கள். காலையில் அரை இட்லியோடு எழுந்த பெரியவர்தான் பதினொரு மணிக்கு ஓட்டுநரிடம் சத்தம் போடுவார்.

நீர்மோர், இளநீர், ஒரு பிடி கடலைமிட்டாய், இருபது நிமிடம் உட்காரல். இதற்கே பாதி எரிச்சல் இறங்கிவிடும். மிச்சமிருப்பது உடம்பைச் சேர்ந்ததில்லை. அது திட்டத்தைப் பற்றியது. அடுத்த படி அதற்குத்தான்.

இரண்டாம் படி: வாய்விட்டுச் சொல்லுங்கள்

“அரண்மனை இன்றைக்கு இல்லை.” இவ்வளவுதான். யார் தவறு, எவ்வளவு பெட்ரோல், போன வருடம் ஊட்டியில் என்ன நடந்தது என்பதெல்லாம் வேண்டாம். சொல்லாமல் விட்டால் எல்லாரும் உள்ளுக்குள் அதையே தூக்கிக்கொண்டு திரிவார்கள். “நான்கு மணிக்கு மறுபடி வந்து பார்க்கலாமா” என்ற அரைகுறை நம்பிக்கை மீதி நாளையும் தின்றுவிடும்.

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் குழந்தைகள் செய்வதைக் கவனியுங்கள். ஒரு நிமிடம் உதட்டைப் பிதுக்குவார்கள். அதற்குள் கண் வேறெங்கோ போய்விடும்: ஓணான், சாக்கடைப் பாலத்தில் நிற்கும் ஆட்டுக்குட்டி, உடைந்த ஓடு. அந்தக் கண் எங்கே போகிறதோ அங்கேதான் நீங்கள் அடுத்துப் போகப்போகிறீர்கள்.

மூன்றாம் படி: ஒரு மணி நேரம் ஆட்சியைக் கைமாற்றுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரத்துக்கு, எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதையெல்லாம் கூட்டத்தில் சிறியவரிடம் விட்டுவிடுங்கள். வேலி மூன்றே மூன்று: வண்டி ஓடும் சாலைக்குப் போகக்கூடாது, ஊருணிப் படியில் பெரியவர் கை பிடிக்காமல் இறங்கக்கூடாது, கேட்காமல் யார் வீட்டுக்குள்ளும் நுழையக்கூடாது. மற்றபடி நீங்கள் வாலைப்போல் பின்னால் போகவேண்டும். யோசனை சொல்லக்கூடாது. “அங்கே பார், எவ்வளவு அழகு” என்பதும் யோசனைதான்.

செட்டிநாட்டு ஊர்கள் இதற்கென்றே அமைந்தவை. தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக, ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. வீடோ முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிறது. குழந்தை தொலைவது கடினம், ஓடுவது எளிது. இந்த அமைப்புக்காகவும் வீடுகளுக்காகவும் 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் மிச்சமிருக்கின்றன. அரண்மனை மூடியிருந்தால் அடுத்த தெருவே போதும்.

சென்னையிலிருந்து வந்த என் தங்கை மகனுக்கு அப்போது ஆறு வயது. கானாடுகாத்தானில் பூட்டிய ஒரு வீட்டு முன்னால் நாங்கள் பெரியவர்கள் தொலைபேசியில் சாவிக்காரரைத் தேடிக்கொண்டிருந்தோம். அவன் தலையை அண்ணாந்து முகப்பின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். “மாமா, சாமிக்குப் பக்கத்தில் போலீஸ் நிற்கிறார்” என்றான். பார்த்தால், யானைகள் நீரூற்றும் கஜலட்சுமிக்கு இருபுறமும் சுண்ணாம்புச் சுதையில் தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். ஒருவனுக்கு மூக்கு இல்லை. மூக்கை யார் எடுத்தது என்பது அவனுக்கு அன்றைய வழக்காகிவிட்டது. காக்கை, மழை, பந்து என்று சந்தேகப் பட்டியல் நீண்டது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று ஒரு தெரு முழுக்கச் சிப்பாய்களையும் சிங்கங்களையும் கிளிகளையும் தேடி நடந்தோம். செட்டிநாட்டு வீட்டு முகப்புகளில் இப்படி லட்சுமியும் கண்ணனும் காலனி அரசின் சிப்பாய்களும் ஒரே வரிசையில் நிற்பது ஆய்வாளர்கள் எழுதும் சங்கதி. அவன் அதைக் கழுத்து வலியோடு கண்டுபிடித்தான். சாவிக்காரர் கடைசிவரை கிடைக்கவில்லை. அதைப் பற்றி யாரும் மறுபடி பேசவுமில்லை.

வயதுக்குத் தக்கபடி சிறு மாற்றம் வேண்டும். நான்கு வயதுக்குக் கீழ் என்றால் ஒரு மணி நேரம் அதிகம்; இருபது நிமிடம் போதும். அதில் பதினைந்து நிமிடம் ஒரே எறும்பு வரிசைக்குப் போகலாம், போகட்டும். இரண்டு குழந்தைகள் இருந்தால் அரை மணி, அரை மணி என்று பங்கு பிரியுங்கள். பெரியவனுக்கு முதலில் கொடுத்தால் சின்னவள் அழுவாள், ஆகவே சின்னவளுக்கு முதலில். பதின்ம வயதினர் இந்த விளையாட்டுக்கு வரமாட்டார்கள். அவர்களிடம் அதிகாரத்தைக் கொடுப்பதைவிடப் பணத்தைக் கொடுங்கள். “மதியத் தீனிக்கு இந்த முன்னூறு ரூபாய், எல்லாருக்கும் என்ன வாங்குவது என்று நீயே தீர்மானி” என்றால் தொலைபேசி தானாகப் பைக்குள் போகும்.

நான்காம் படி: ஒன்றிலேயே நில்லுங்கள்

“இன்னொரு தடவை.” குழந்தை இப்படிச் சொன்னால் நமக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்த்தாயிற்றே, போகவேண்டாமா? ஆனால் ஒரே பொருளை ஐந்தாம் முறை பார்க்கும்போதுதான் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிகிறது. இதைக் கற்றுக்கொள்ள ஆத்தங்குடியின் தரைக்கல் பட்டறையைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்த வட்டாரத்தில் இல்லை.

பெரியவர்கள் பட்டறைக்குள் நுழைந்து, ஒரு கல் செய்வதைப் பார்த்து, படம் எடுத்து, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். குழந்தையைக் கூட வைத்துக்கொண்டு பத்துக் கல் செய்யும்வரை நில்லுங்கள். முதல் கல்லில் கண்ணில் படுவது வண்ணம் மட்டும்தான். சதுரக் கண்ணாடி மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூவோ கொடியோ வெட்டிய உலோக அச்சு, அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் சிறு கரண்டியால் ஊற்றும் வண்ணக் குழம்பு. இரண்டாவதில், அச்சை எடுக்கும் கையின் நிதானம் தெரியும்: நேர் மேலே, ஒரே இழுப்பு, கொஞ்சம் சாய்ந்தால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். மூன்றாவதில், வண்ணத்தின் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுவது ஈரத்தை உறிஞ்சத்தான் என்பது புரியும். அதற்கு மேல் ஈரக் கலவை, கரணையால் மட்டம் தட்டல். ஐந்தாவது, ஆறாவதுக்கு வந்தபோது, நான் அழைத்துப்போன ஒரு சிறுமி, “அப்படியானால் நாம் பார்ப்பது முதுகு. முகம் கண்ணாடிப் பக்கம் இருக்கிறது” என்றாள். அதேதான். கல்லின் முகம் கண்ணாடியில் படிந்தே உருவாகிறது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. உலரவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, மறுபடி உலர்த்தும்போது கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளும். ஒவ்வொரு கல்லையும் கையாலேயே செய்வதால் எந்த இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. அந்தச் சிறுமி அதன் பிறகு தங்கியிருந்த வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து, வேறுபடும் பூவைத் தேடிக்கொண்டிருந்தாள். இரவு உணவுக்கு அவளை எழுப்பத்தான் பாடு.

பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு நாம் நிற்பது இடைஞ்சல். கேட்டுவிட்டு நில்லுங்கள், காய்ந்துகொண்டிருக்கும் கற்களைத் தொடவிடாதீர்கள், கிளம்பும்போது இரண்டு கல்லாவது காசு கொடுத்து வாங்குங்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைக்க ஆகும்.

ஆயிரம் ஜன்னல் வீட்டிலும் இதே முறைதான். உள்ளே விடவில்லையா, வெளியிலிருந்து ஜன்னலை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு பேர் எண்ணினால் இரண்டு கணக்கு வரும், மறுபடி எண்ணுவார்கள். நீங்களும் எண்ணுங்கள். கண்காணிக்கிறவர் முகத்தோடு நிற்காதீர்கள்.

ஐந்தாம் படி: வெட்கத்தை விட்டுக் கேளுங்கள்

பெரியவர்கள் தெரிந்ததுபோல் தலையாட்டுவோம். குழந்தைகள் நேராகக் கேட்பார்கள்: “இந்தப் பூட்டு ஏன் இவ்வளவு பெரியது? இங்கே யாருமே இல்லையே, நீங்கள் பயப்பட மாட்டீர்களா?” வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் பெரியவருக்கு நாள் முழுக்கக் கிடைத்தது “உள்ளே பார்க்கலாமா” என்ற ஒரே கேள்வி. வேறு கேள்வி வந்ததும் முகம் மாறும். ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காரச் சொல்வார்.

கேட்பதற்கும் முறை உண்டு. வயதான ஆண்களை ஐயா என்றும், பெண்களை ஆச்சி என்றும் அழைக்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ‘அங்கிள், ஆன்ட்டி’க்கு இங்கே அவ்வளவு மதிப்பில்லை. “ஆச்சி, இந்தத் திண்ணையில் கொஞ்சம் உட்காரலாமா?” என்று ஒரு குழந்தை கேட்டால் மறுக்கிற வீட்டை நான் பார்த்ததில்லை. உட்கார இடம் கிடைத்தால் வீட்டைப் பற்றிய பேச்சு தானாக வரும். முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு பின்னால் போய்க்கொண்டே இருப்பதையும், தூண்களுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்ததையும், சுவருக்குச் சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசியதையும் அவர்களே சொல்வார்கள். முட்டை என்றதும் குழந்தை சுவரை முகர்ந்து பார்க்கும். தடுக்காதீர்கள். முடிந்தால் நீங்களும் ஒரு கன்னத்தைச் சுவரில் வைத்துப் பாருங்கள். சித்திரை மாதத்திலும் சில்லென்று இருக்கும்.

ஆறாம் படி: பகல் பன்னிரண்டு முதல் நான்கு

செட்டிநாட்டுச் சுற்றுலாவின் பாழ்ங்கிணறு இந்த நான்கு மணி நேரம்தான். கோவில் இல்லை, நிழல் இல்லை. குடும்பங்கள் காருக்குள் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் வெறுப்பார்கள். குழந்தைகளைக் கேட்டால் ஒரே பதில்: விளையாடலாம். அவர்கள் சொல்வதுதான் சரி. இந்த ஊர்களில் இந்த நேரத்தைப் பெரியவர்களும் அப்படித்தான் கழித்தார்கள். பழைய கோவில் மண்டபத் தரைகளிலும் திண்ணைகளிலும் ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம்.

அட்டையோ செய்தித்தாளோ ஒன்று போதும், கட்டத்தை நீங்களே வரையலாம். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு கோடுகள் கீழே விரியட்டும். குறுக்காக மூன்று கோடுகள் அந்த நான்கையும் வெட்டி இரு பக்கமும் சற்று வெளியே நீளட்டும். நீண்ட முனைகளை இடப்பக்கம் ஒரு கோட்டாலும் வலப்பக்கம் ஒரு கோட்டாலும் சேருங்கள். அடியில் நான்கு கோட்டு முனைகளையும் ஒரு கோட்டால் சேருங்கள். எண்ணினால் 23 சந்திகள் வரவேண்டும்: உச்சி 1, குறுக்கில் 18, அடியில் 4.

புலி 3, ஆடு 15. புலிக்குப் பெரிய கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக ஆட்டை வைக்க, புலிக்காரர் முறைக்கு ஒரு புலியை வைப்பார் அல்லது நகர்த்துவார். அடுத்திருக்கும் ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அந்தப் பக்கம் சந்தி காலியாக இருந்தால் புலி அந்த ஆட்டைத் தின்றுவிடும். பதினைந்து ஆட்டையும் வைத்து முடித்த பிறகுதான் ஆடுகள் நகரலாம். மூன்று புலியும் அசைய முடியாதபடி மடக்கினால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. குழந்தைக்குப் புலியைக் கொடுங்கள். முதல் ஆட்டத்தில் தின்னும் பக்கம்தான் சுவை. மூன்றாவது ஆட்டத்தில் அதுவே ஆட்டைக் கேட்கும். சிறு உயிர்கள் கூடி நின்று பெரியதை மடக்குவதில் குழந்தைகளுக்கு ஒரு தனி இன்பம் இருக்கிறது.

தங்கும் இடத்தில் பல்லாங்குழி கிடந்தால் இன்னும் நல்லது. குழி 14, குழிக்கு ஐந்து சோழி. வயதானவர்களைக் கூட்டத்தில் சேர்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. காலையிலிருந்து யாரும் பேசாமல் விட்ட அப்பத்தாதான் இதில் எல்லாரையும் துடைத்தெடுப்பார். தோற்ற பெரியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது என்பது மட்டும் விதி.

உட்கார இடமே கிடைக்காவிட்டால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போங்கள். இடித்த வீடுகளிலிருந்து வந்த கதவு நிலைகள், எனாமல் தூக்குகள், கையளவு சாவிகள் குவிந்திருக்கும். “இது எதற்கு?” என்று ஊகிக்கும் போட்டி வைத்தால் ஒரு மணி நேரம் ஓடும். கண்ணாடிப் பொருள்கள் இருக்கும் கடை என்றால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள், உங்கள் மாமனார் உட்பட.

ஏழாம் படி: கிடைத்ததைச் சாப்பிடுங்கள்

விரும்பிய கடையில் இடமில்லை என்றால் வரிசையில் நிற்காதீர்கள். சாயங்காலம் தெருவோரம் வெள்ளைப் பணியாரம் ஊற்றுகிற இடத்தில் குழந்தைகளோடு நில்லுங்கள். பச்சரிசி ஒரு படி தலைதட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் குவித்து அளப்பது இங்கத்திய கணக்கு. ஒரு கரண்டி மாவு எண்ணெயில் விழுந்து, மூழ்கி, நடுவில் உப்பி, ஓரம் பொன்னிறமாவதற்குள் மேலே வருவதைக் கண்ணெடுக்காமல் பார்க்கத் தெரிந்தது குழந்தைக்குத்தான். காரச் சட்னியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளலாம். சிறுவர்களுக்குக் கந்தரப்பம் அல்லது கவுனி அரிசி. அரிசி எப்படிக் கருப்பாக இருக்கிறது என்ற கேள்வி நிச்சயம் வரும். கப்பலேறிப் பர்மா போன கதைக்கு அதுதான் சரியான வாசல்.

எட்டாம் படி: நான்கு மணிக்குப் பிறகு ஒன்றே ஒன்று

வெயில் தாழ்ந்ததும் “இப்போதாவது எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்” என்ற பேராசை திரும்ப வரும். ஒன்றுக்கு மேல் வேண்டாம். குழந்தைகளிடம் இரண்டைச் சொல்லித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஓட வேண்டுமா, திருமயம். 1687இல் சேதுபதி கட்டிய மலைக்கோட்டை. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் வழி. 15 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொல்லியல் துறை கட்டணம் வாங்குவதில்லை. உச்சியில் பீரங்கியும், எந்த மாதத்திலும் காற்றும் உண்டு. மாலையில் அடைத்துவிடுவார்கள், நேரத்தோடு போங்கள். கைப்பிடி இல்லாத இடங்களில் ஆட்சி மறுபடி பெரியவர்கள் கைக்கு வந்துவிடும்.

ஓட வலுவில்லையா, கூட்டம் வடிந்திருந்தால் பிள்ளையார்பட்டிக்கே திரும்புங்கள். குடைவரைக்குள் இருக்கும் பிள்ளையாருக்கு நான்கு கையா, இரண்டு கையா, துதிக்கை எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே பந்தயம் கட்டிவிட்டு உள்ளே போகட்டும். விடையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. மார்கழி, தை வாக்கில் வந்திருந்தால் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உண்டு. 1977இல் அறிவித்தது. வலசை வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி போடாத ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். அதைச் சொன்னால், காரில் கத்திக்கொண்டு வந்த குழந்தையும் கண்மாய்க் கரையில் குசுகுசுவென்று பேசும்.

மழை நாள்

மழையில் ஊர் சுற்ற முடியவில்லையே என்று புலம்புகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க மழைதான் நேரம். பழைய வீட்டில் தங்கியிருந்தால் வளவை விட்டு அசையாதீர்கள். நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் வந்து கொட்டும். வீட்டுத் தேவைக்குப் பிடித்தது போக மிச்சம் கல் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கும் அங்கிருந்து ஊருணிக்கும் போகும்படி அமைத்திருக்கிறார்கள். குழந்தைகள் காகிதக் கப்பலை முற்றத்தில் விட்டுவிட்டுத் தெருவாசலுக்கு ஓடுவார்கள், வருகிறதா என்று பார்க்க. நீங்கள் குடை பிடித்துக்கொண்டு கூட ஓடினால் அந்த நீர் வழி முழுக்கப் பாடமாகிவிடும். ஊருணி குடிதண்ணீருக்கானது; காலைக் கழுவக்கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். படிகளில் பாசி இருக்கும், பார்த்து.

செய்யக்கூடாதவை

குழந்தை ஆழ்ந்து பார்க்கும்போது படம் எடுக்காதீர்கள். எடுத்தால் உடனே அது உங்களைப் பார்க்கும், பொருளை விட்டுவிடும். “பார், தம்பி எவ்வளவு சமத்தாக இருக்கிறான், நீங்கள் எல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள்” என்று ஒரு குழந்தையைக் காட்டி இன்னொருவரைத் திட்டாதீர்கள். இடிந்த வீடுகளுக்குள் விடவே விடாதீர்கள்: பாம்பு, ஓட்டை விழுந்த மாடி, உதிரும் சுவர். அங்கிருந்து பூக்கல் துண்டு ஒன்றைக்கூடப் பொறுக்க விடாதீர்கள். ஆளில்லாத வீடுதானே தவிர உடையவர் இல்லாத வீடு அல்ல.

எந்தப் படியும் வேலை செய்யாத நாளும் உண்டு. குழந்தையின் நெற்றி சுட்டால், வாந்தி எடுத்தால், வியர்வை நின்று துவண்டால், உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பை ஈரத்துணியால் துடைத்து மருத்துவரிடம் போங்கள். அப்படியில்லாமல் வெறும் அழுகை தொடர்ந்தால் அது அநேகமாகத் தூக்கம். அறைக்குப் போய் மின்விசிறியைப் போட்டுப் படுங்கள். பெரியவர்களும் தூங்கட்டும். பெரும்பாலும் அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டிருக்கும்.

இரவில்

படுக்கும் முன் “இன்றைக்கு எது பிடித்தது?” என்று குழந்தைகளைக் கேட்காதீர்கள், “எல்லாம்” என்பார்கள். “அப்பாவுக்குத் தெரியாத எதை நீ பார்த்தாய்?” என்று கேளுங்கள். பட்டியல் வந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து மறுநாளுக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தைக் காலியாக விடுங்கள்.

மறுநாள் பல்லவன் ரயிலில் சென்னை திரும்புகிறவர்கள் பையை இரவே கட்டிவிடவேண்டும். காரைக்குடியிலிருந்து அது விடியலிலேயே புறப்பட்டுவிடும். பணியாரம் வழிக்குத் தாங்காது. சீப்புச் சீடை, தேன்குழல், கைமுறுக்கு தாங்கும். முறுக்கைப் பையின் மேல்பக்கம் வையுங்கள். அடியில் வைத்தால் எழும்பூர் போய்ச் சேர்வதற்குள் மாவாகிவிடும். மாவானாலும் பரவாயில்லை என்று கையை விட்டு அள்ளப்போவது யார் என்பது உங்களுக்கே தெரியும், ஆகவே ஈரத்துணி ஒன்றையும் மேலேயே வையுங்கள்.